தேய்ந்த டயரும் தக்தீரும்

(அறக்கட்டளை மண்டபத்தில் நடந்த வாகன ஓட்டுநர்கள் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



ஜமாஅத் பெரியோர்களே, ஆம்புலன்ஸ், வேன், வாடகைக் கார் ஓட்டும் சகோதரர்களே, சொந்தக் கார் வைத்திருப்பவர்களே, திரைக்கு அந்தப் பக்கம் அமர்ந்திருக்கும் தாய்மார்களே!

டயரைப் பற்றிப் பேச ஒரு கூட்டம் தேவையா என்று இரண்டு மூன்று பேர் கேட்டார்கள். வரதட்சணை, வட்டி, போதை, பிள்ளைகளின் மேற்படிப்பு என்று பேசிப் பழகிய மேடை இது. கேட்டது நியாயம்தான். ஆனால் பைத்துல்மால் மனுக்களை மாதாமாதம் பிரித்துப் பார்க்கிற எங்களுக்கு அந்தச் சந்தேகம் வரவில்லை. உதவி கேட்கும் காரணம் என்ற இடத்தில் நோய் என்றிருக்கும், கடன் என்றிருக்கும். சில மனுக்களில் ‘கணவர் கார் விபத்தில் வபாத், டயர் வெடித்தது’ என்றிருக்கும். எழுதியவர் இத்தா முடிந்து வந்த இளம் பெண்ணாக இருப்பார், கையில் ஒரு பிள்ளை இருக்கும்.

டயர் வெடித்தது என்ற அந்த இரண்டு சொல்லோடு ஊரில் விசாரணை முடிந்துவிடுகிறது. அவருடைய ஹயாத் அவ்வளவுதான், களா கத்ரை யார் மாற்ற முடியும் என்று பேசிக் கலைந்துவிடுகிறோம். அது எத்தனை வருடத்து டயர், பட்டன் இருந்ததா, காற்று எவ்வளவு இருந்தது என்று மையத்து வீட்டில் யாரும் கேட்பதில்லை. கேட்கவும் கூடாது, அது அதற்கான நேரமல்ல. அதனால்தான் எந்த வீட்டிலும் மையத்து இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்து இங்கே கேட்கிறோம்.

இந்தக் கேள்வி நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. 2010 அக்டோபரில் புனேயிலிருந்து மும்பைக்குப் போன ஒரு காரின் பின்சக்கர டயர் வெடித்தது. கார் பள்ளத்தில் பாய்ந்து, உள்ளே இருந்த 38 வயதுக்காரர் அந்த இடத்திலேயே இறந்துபோனார். அவர் குடும்பத்துக்கு 1.25 கோடி ரூபாய் கொடுக்கும்படி இழப்பீட்டுத் தீர்ப்பாயம் சொன்னது. இன்சூரன்ஸ் நிறுவனம் மேல்முறையீட்டுக்குப் போனது. டயர் வெடித்தது ‘கடவுள் செயல்’, அதற்கு யாரையும் பொறுப்பாக்க முடியாது என்பது அதன் வாதம். சட்டப் புத்தகத்தில் அப்படி ஒரு சொல்லாட்சி இருக்கிறது. நிலநடுக்கம், பெருவெள்ளம் மாதிரி மனிதக் கைக்கு அடங்காதவற்றுக்கு அதைச் சொல்வார்கள். 2023இல் மும்பை உயர் நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளிவிட்டது. வேகம், காற்றுக் குறைவு, காற்று அதிகம், பழைய டயர், வெப்பம் என்று டயர் வெடிக்கக் காரணங்கள் உண்டு, பயணத்துக்கு முன் டயரைப் பார்த்துக்கொள்வது ஓட்டுபவர், உரிமையாளரின் கடமை, அதைச் செய்யாதது மனிதனின் கவனக்குறைவு என்று தீர்ப்பாயிற்று.

அந்த மன்றத்தில் விதியைப் பேசியது யார் என்று கவனியுங்கள். பணம் கொடுக்க மனமில்லாத கம்பெனி.

நம்மிடம் இந்த இடத்தில் எல்லாரும் ஒட்டகத்தைக் கட்டச் சொன்ன நபிமொழியை எடுத்துச் சொல்வார்கள். ஓதுகிற சின்னப் பிள்ளைக்கும் அது தெரியும் என்பதால் வேறொன்றை நினைவூட்டுகிறோம். சிரியாவை நோக்கிப் பயணப்பட்ட கலீஃபா உமர் (ரலி) அவர்கள், அங்கே கொள்ளைநோய் பரவியிருக்கிறது என்று சர்ஃக் என்ற இடத்தில் கேள்விப்பட்டுத் திரும்பிவிட முடிவெடுத்தார்கள். விதியை விட்டு ஓடுவதா என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் கேட்டார்கள். ஒரு கரை பசுமையாகவும் மறு கரை வறட்சியாகவும் உள்ள பள்ளத்தாக்கில் ஒட்டகத்தை எந்தப் பக்கம் மேய்த்தாலும் அது அல்லாஹ்வின் கத்ர்தானே என்ற கருத்தில் உமர் (ரலி) அவர்கள் பதில் சொன்னார்கள். மொட்டை டயரோடு புறப்பட்டால் மட்டும்தான் தக்தீர், புது டயர் மாட்டினால் தக்தீரை மீறியது என்று எந்தக் கிதாபிலும் இல்லை.

சரி, டயருக்கு வருவோம். இருபது முப்பது வருடத்துக்கு முன்னால் நம் ராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து மதுரைக்குப் போவதென்றால் அம்பாசிடரோ மெட்டடாரோ 50, 60இல் போகும். மாட்டு வண்டி வரும், ஆட்டு மந்தை குறுக்கே போகும், பஸ்ஸுக்கு ஒதுங்கி மண்ணில் இறங்க வேண்டும். அந்தச் சாலையில் மொட்டை டயரோடு போனவர்கள் பலரும் பத்திரமாகத் திரும்பி வந்தார்கள். பஞ்சரானால் ஸ்டெப்னி மாட்டிக்கொண்டு வருவார்கள். டயரைக் கம்பி தெரிகிறவரை ஓட்டுவது சிக்கனம் என்ற பழக்கம் அந்தக் காலத்து வேகத்தில் உண்டானது. இன்றைக்குப் பரமக்குடியைத் தாண்டினால் நான்கு வழி, மதுரையிலிருந்து திருச்சி விமான நிலையம் வரை நான்கு வழி. காரில் முள் தானாக 100க்குப் போகிறது. சாலை மாறிவிட்டது, டயர் பழக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது.

100 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 28 மீட்டர். ‘பிஸ்மில்லாஹ்’ என்று சொல்லி முடிப்பதற்குள் நம் பள்ளிவாசல் முகப்பைக் கடந்துவிடும். வேகம் இரண்டு மடங்கானால் வண்டி சுமக்கும் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகிறது. 50இல் வந்ததை நிறுத்துவதற்கும் 100இல் வந்ததை நிறுத்துவதற்கும் அவ்வளவு வித்தியாசம். இதையெல்லாம் நிறுத்த வேண்டியது எது? பிரேக் என்போம். பிரேக் சக்கரத்தைத்தான் நிறுத்தும், வண்டியை நிறுத்துவது டயர். ஒரு டயர் தரையைத் தொடும் இடம் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவுதான். ஒன்றரை டன் வண்டியும் ஏழெட்டு உயிர்களும் நான்கு உள்ளங்கையில் போகின்றன.

இங்கே ஓட்டுநர்கள் சிலர் மனதுக்குள் சொல்லிக்கொள்வது எங்களுக்குக் கேட்கிறது: ‘பட்டன் தேய்ந்த டயர்தான் எனக்கு நல்லாப் பிடிக்குது.’ அது பொய்யில்லை. காய்ந்த சாலையில் மொட்டை டயர் நன்றாகவே பிடிக்கும். ரேஸ் கார்களுக்குப் பட்டனே இல்லாத டயர்தான். ஏமாறுகிற இடமும் அதுவேதான். நம் பக்கம் வருடத்தில் ஒன்பது மாதம் சாலை காய்ந்து கிடக்கிறது. ஒன்பது மாதமும் டயர் ‘நான் நல்லா இருக்கேன்’ என்று சொல்லிக்கொண்டே வந்து, ஐப்பசியில் முதல் மழை விழும் இரவில் கைவிடுகிறது. பட்டன் வைத்ததே தண்ணீருக்காக.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். சாலையில் மூன்று மில்லிமீட்டர் தண்ணீர் நிற்கிறது. டயரின் அகலம் 18 சென்டிமீட்டர். வேகம் 100. அந்த டயர் விநாடிக்கு 15 லிட்டர் தண்ணீரைத் தன் வழியிலிருந்து விலக்க வேண்டும். நம் வீட்டுக் குடம் ஒன்று. நான்கு சக்கரத்தில் ஒவ்வொன்றும் விநாடிக்கு ஒரு குடம் என்று அள்ளிக் கொட்டிக்கொண்டே ஓடினால்தான் ரப்பர் தரையைத் தொடும். பட்டன்களுக்கு நடுவே ஓடும் காடிதான் அந்தத் தண்ணீர் போகும் வாய்க்கால். புது டயரில் அதன் ஆழம் சுமார் 8 மில்லிமீட்டர். தேய்ந்து 1.6க்கு வந்துவிட்டால் வாய்க்காலில் ஐந்தில் ஒரு பங்குதான் மிச்சம். மீதித் தண்ணீர் எங்கே போகும்? டயருக்கு அடியில் தங்கி வண்டியைத் தூக்கிவிடும். ஸ்டீரிங் திடீரென்று லேசாகும், பிரேக் மிதித்தால் ஒன்றும் நடக்காது. அந்த நேரத்தில் நாம் ஓட்டுவது கார் அல்ல, துடுப்பில்லாத தோணி.

எந்த வேகத்தில் இப்படித் தூக்கும் என்பதை அமெரிக்காவின் நாசா ஆய்வாளர்கள் விமான டயர்களை வைத்துச் சோதித்து 1963இலேயே ஒரு சூத்திரம் வெளியிட்டார்கள். தண்ணீரின் ஆழம் காடியின் ஆழத்தை விட அதிகமாகிவிட்டால், டயர் மிதக்கும் வேகத்தைக் காற்றழுத்தம்தான் தீர்மானிக்கிறது. கார் டயரில் 32 பவுண்டு காற்றிருந்தால் ஏறக்குறைய 94 கிலோமீட்டர் வேகத்தில் மிதக்கும். அலட்சியத்தில் 24க்கு இறங்கியிருந்தால் 82இலேயே மிதக்கும். ‘தண்ணீரின் ஆழம் காடியை விட அதிகமானால்’ என்ற நிபந்தனையைக் கவனியுங்கள். புது டயருக்கு எட்டு மில்லிமீட்டர் தண்ணீர் நின்றால்தான் அந்த ஆபத்து, அவ்வளவு தண்ணீர் எப்போதாவதுதான் நிற்கும். மொட்டை டயருக்கு இரண்டு மில்லிமீட்டர் போதும். அது ஒரு மழையிலேயே நின்றுவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது என்றால், காருக்குக் காடியின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது, இரு சக்கர, மூன்று சக்கர வண்டிகளுக்கு 0.8. டயரின் தோள்பக்கத்தில் ஒரு சின்ன முக்கோணம் இருக்கும். அதற்கு நேராகக் காடிக்குள் பார்த்தால் ஒரு மேடு தெரியும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயரின் காலம் முடிந்தது. ஆனால் அந்தக் கோடு சட்டத்தின் கடைசிக் கோடு, பத்திரத்தின் கோடு அல்ல. அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ட்ரிபிள் ஏ 2018இல் ஒரு சோதனை நடத்தியது. நம் சட்ட அளவைப் போல இரண்டு மடங்கு, அதாவது 3.2 மில்லிமீட்டர் பட்டன் மிச்சமிருந்த டயரைப் புது டயரோடு ஒப்பிட்டார்கள். ஈரச் சாலையில் மணிக்கு 97 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் போட்டபோது, தேய்ந்த டயர் மாட்டிய கார் நிற்க 87 அடி கூடுதலாகத் தேவைப்பட்டது. சட்டப்படி செல்லுபடியாகும் டயருக்கே இந்த நிலை. மழைக்காலத்துக்கு முன் 3 மில்லிமீட்டரில் மாற்றிவிடுங்கள் என்று சொல்வது அதனால்தான்.

இரண்டு டயர்தான் இப்போது வாங்க முடியும் என்றால் எங்கே மாட்டுவது? பத்துப் பேரைக் கேட்டால் ஒன்பது பேர் முன்னால் என்பார்கள். பஞ்சர் கடைத் தம்பியும் அப்படித்தான் மாட்டுவார். பின்னால் மாட்டச் சொல்லுங்கள். முன்டயர் வழுக்கினால் வண்டி திரும்ப மறுத்து நேராகப் போகும். கைக்கு உடனே தெரியும், ஆக்சிலரேட்டரில் காலை எடுத்தால் பெரும்பாலும் பிடி திரும்பிவிடும். பின்டயர் வழுக்கினால் வால் முந்திக்கொண்டு வந்து வண்டி சுற்றிவிடும். தெரிந்த நேரத்தில் வண்டி எதிர்த்திசையைப் பார்த்து நிற்கும். நல்ல பிடி பின்னால் இருக்கட்டும்.

இனி வெயில். காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிர்கிறது. நசுங்கி நிமிரும்போதெல்லாம் உள்ளே சூடு பிறக்கிறது. வேகம் கூடக் கூடச் சூடு வெளியேற நேரமில்லை. மேலே ஆளும் பெட்டியும் ஏற்றினால் இன்னும் நசுங்கும். நம் ஊரின் விமான நிலையப் பயணம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஏழு பேர் வண்டியில் ஒருவரை அழைக்கப் பத்துப் பேர் போவோம், வரும்போது மேலே நான்கு அட்டைப்பெட்டிகள் கட்டியிருக்கும்.

வளைகுடாவில் ஓட்டுகிற நம் பிள்ளைகளுக்கு இந்தக் கதை தெரிந்திருக்கலாம். 1999இல் சவூதி அரேபியாவில் ஃபோர்டு நிறுவனம் தன் எக்ஸ்ப்ளோரர் வண்டிகளின் ஃபயர்ஸ்டோன் டயர்களை மாற்றிக் கொடுக்க ஆரம்பித்தது. சூட்டில், வேகத்தில், டயரின் மேல்தோல் உரிந்து வண்டிகள் உருண்டன. அடுத்த வருடம் அமெரிக்காவிலேயே 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அங்கே மட்டும் 200க்கும் மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். டயரின் தயாரிப்புக் குறையா, ஃபோர்டு பரிந்துரைத்த 26 பவுண்டு என்ற குறைந்த காற்றழுத்தமா என்று இரண்டு கம்பெனிகளும் ஒன்றையொன்று குற்றம் சாட்டின. அந்த வழக்கு அவர்களோடு. காற்று, சூடு, வேகம் மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது நமக்கு.

ஆகவே காற்றைக் காலையில், வண்டி எடுப்பதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். ஐம்பது கிலோமீட்டர் ஓடி வந்து பங்கில் பார்த்தால் சூட்டில் அளவு கூடித் தெரியும், சரியாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்வோம். எவ்வளவு காற்று என்பது ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் ஸ்டிக்கரில் இருக்கும். முழுப் பாரத்துக்கு வேறு அளவு போட்டிருந்தால் விமான நிலையப் பயணத்துக்கு அதுதான் கணக்கு. மற்றபடி, எப்போதாவது டயர் வெடித்தே விட்டால் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். ஸ்டீரிங்கை இறுகப் பிடித்து நேராக வைத்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, வண்டி தானாக வேகம் குறையட்டும்.

இளைஞர்களுக்கு ஒரு செய்தி. ‘ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்’ படங்களில் நடித்த பால் வாக்கரைத் தெரியாதவர் உங்களில் இருக்க மாட்டீர்கள். 2013 நவம்பர் 30ஆம் தேதி அவரும் நண்பரும் போர்ஷே கரேரா ஜி.டி. காரில் போய் இறந்தார்கள். நண்பர்தான் ஓட்டினார். பிலிப்பைன்ஸ் புயலில் பாதிக்கப்பட்டவர்களுக்காக நடந்த ஒரு தர்ம நிகழ்ச்சியிலிருந்து புறப்பட்ட சற்று நேரத்தில் அது நடந்தது. நல்ல காரியத்துக்குப் போகிறோம், நமக்கு ஒன்றும் ஆகாது என்று நினைப்பவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். 72 கிலோமீட்டர் வேக வரம்புள்ள சாலையில் 130 முதல் 150 வரை போயிருக்கிறார்கள் என்று விசாரணை சொன்னது. வேகம் முதல் காரணம். கூடவே இன்னொன்றையும் எழுதினார்கள்: டயர்களுக்கு ஒன்பது வயது. அதிகம் ஓடாத வண்டி அது. ரப்பருக்கு மட்டும் வயதாகிக்கொண்டிருந்தது.

நம் ஜனாஸா வண்டியும் ஆம்புலன்ஸும் நினைவுக்கு வருகின்றன அல்லவா? மாதத்தில் சில நாள்தான் ஓடும். பட்டன் புதிதாகத் தெரியும். ஷெட்டில் வெயிலும் உப்புக்காற்றும் பட்டு ரப்பர் காய்ந்து மெல்லிய வெடிப்பு விடும். இந்த வண்டிகளின் டயரைப் பட்டனைப் பார்த்து மட்டும் மதிப்பிட முடியாது, பிறந்த தேதியைப் பார்க்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் வருடத்தின் 23ஆவது வாரத்தில் செய்தது. ரோட்டோரத்தில் பழைய டயர் வாங்குகிறவர்கள் விலை பேசுவதற்கு முன் இதைப் படியுங்கள். பளபளப்புக்குக் கறுப்புச் சாயம் பூசி வைத்திருப்பார்கள், அந்த இலக்கத்தைப் பூச முடியாது.

கடைசியாக, டயரை விட்டுச் சற்று விலகி, வேகத்தைப் பற்றி. இதில் ஓட்டுநர்களை விடப் பொறுப்பு எங்களுக்கு, நிர்வாகிகளுக்கு, அதிகம். நம் ஆட்கள் சாலையில் கண்மண் தெரியாமல் பறப்பது இரண்டு நேரத்தில். ஒன்று விமானத்துக்கு. இன்னொன்று ஜனாஸாவுக்கு. சென்னையில் இருக்கும் மகனுக்கு இரவு பத்து மணிக்கு வாப்பா மவுத் என்று செய்தி போகிறது. ‘காலை பத்து மணிக்கு அடக்கம்’ என்று பள்ளிவாசலில் அறிவிப்பும் போகிறது. 500 கிலோமீட்டருக்கு மேல் தூரம். கைக்குக் கிடைத்த வண்டியில் அழுதுகொண்டே புறப்படுகிறார். அந்த வண்டியின் டயரை அன்று இரவு யார் குனிந்து பார்ப்பார்கள்? வழியில் பத்துத் தடவை போன் செய்து ‘எங்கே வந்துட்டே’ என்று கேட்பதும் நாம்தான்.

ஜனாஸாவைத் தாமதிக்க வேண்டாம் என்பது மார்க்கம். அதில் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் பிள்ளைகள் வருவதற்குச் சில மணி நேரம் பொறுப்பதையும், பொறுக்காததால் இரண்டாவது ஜனாஸா வருவதையும் எடை போட வேண்டாமா? இமாம் அவர்களோடு கலந்து பேசி ஒரு முடிவெடுத்திருக்கிறோம். இனி வெளியூர் வாரிசுகளிடம் பேசி, அவர்கள் நிதானமாக வந்து சேரும் நேரத்தைக் கேட்ட பிறகே அடக்க நேரம் அறிவிக்கப்படும். அவர்களால் வர முடியாது என்றால் அதையும் அவர்களே சொல்லட்டும். தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஓட்டுகிறவர் போனுக்கு அழைக்காதீர்கள், பக்கத்தில் இருப்பவருக்கு அழையுங்கள்.

பணத்துக்கு வருவோம். நான்கு நல்ல டயர் என்றால் சின்னக் காருக்கே இன்றைக்கு எளிதில் பதினைந்து, இருபதாயிரம் ஆகிறது. சொந்த வண்டி ஓட்டிப் பிழைக்கிற சகோதரருக்கு அது ஒரு மாதச் சாப்பாடு. ‘அடுத்த மாதம் மாற்றிக்கொள்ளலாம்’ என்று அவர் தள்ளிப்போடுவது அலட்சியத்தால் அல்ல என்பதை நாங்கள் அறிவோம். வாடகைக்கு விடும் முதலாளிகள் விஷயம் வேறு. ஓட்டுநர் டயர் கேட்டால் ‘இன்னும் ரெண்டாயிரம் ஓடும்’ என்று திண்ணையில் உட்கார்ந்து சொல்பவர்கள் ஒரு தடவை மழை இரவில் அந்த வண்டியின் முன்சீட்டில் திருச்சி வரை போய் வரட்டும்.

சொந்த வண்டி ஓட்டுநர்களுக்கு டயர் வாங்க பைத்துல்மாலிலிருந்து கர்ளன் ஹஸனா கொடுப்பதென்று நிர்வாகக் குழு ஒப்புக்கொண்டிருக்கிறது. வட்டி கிடையாது, பத்து மாதத் தவணை, ஜமாஅத்தில் ஒருவர் ஜாமீன் போதும். பணம் கையில் தரமாட்டோம், கடை பில்லுக்கு நேராகக் கொடுப்போம். கழற்றிய பழைய டயரை அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். அதை வாங்கி என்ன செய்யப் போகிறீர்கள் என்று ஒருவர் கேட்டார். மறுபடி இன்னொருவர் வண்டியில் ஏறாமல் வெட்டிப் போடப் போகிறோம்.

காடியின் ஆழம் பார்க்கும் அளவுகோல் இரண்டும், காற்று பார்க்கும் மீட்டர் ஒன்றும் அலுவலக மேஜையில் இருக்கின்றன. அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே யார் வேண்டுமானாலும் வண்டியைக் கொண்டுவந்து பார்த்துக்கொள்ளலாம். வெளியே எடுத்துப் போகிறவர்கள் பதிவேட்டில் பெயர் எழுதிவிட்டு மறுநாள் திருப்பித் தந்துவிடுங்கள். இப்போது வாசலில் பதினான்கு வண்டிகள் நிற்கின்றன. தொழுகைக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவோம்.